ஐந்து கணுக்கால் எலும்பும் ஐம்பத்தாறு விடையும்

ஓர் ஆட்டுக்குக் கணுக்கால் எலும்பு இரண்டுதான் உண்டு. பின்னங்காலுக்கு ஒன்றாக இரண்டு, முன்னங்காலில் கிடையாது. ஐந்து வேண்டுமென்றால் குறைந்தது மூன்று ஆடு. இது தெரியாமல் முதல் வாரம் நான்கு முன்னங்கால்களை வாங்கி வந்துவிட்டேன். சூப்பு நன்றாக வந்தது, தேடிய எலும்பு கிடைக்கவில்லை.

நான் தேடியது கணுக்கால் மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன எலும்பு. கிரேக்கர்கள் அதை ஆஸ்ட்ராகலோஸ் என்றார்கள், ரோமர்கள் தாலுஸ் என்றார்கள். பிள்ளைகள் அதை வைத்து விளையாடினார்கள், பெரியவர்கள் சூதாடினார்கள், கோயிலிலும் கடைத்தெருவிலும் அதை வீசிக் குறி கேட்டார்கள். இன்றைய துருக்கியின் தென்பகுதியில், பழைய பிசிடியா, லிசியா, பம்பிலியா நாடுகளின் ஊர்களில், கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. ஐந்து எலும்புகளை வீசு, விழுந்ததைப் பார், அதற்கு நேராகக் கல்லில் இருக்கும் விடையைப் படி. இவ்வளவுதான் முறை. பூசாரி தேவையில்லை. கிரெம்னா என்ற ஊரில் அந்தக் கல் சந்தைவெளியிலேயே நின்றது. தெர்மெஸ்ஸோஸில் ஊர் வாசலை ஒட்டிய சுவரில் வெட்டியிருந்தார்கள்.

இதைப் பற்றிப் படித்துக்கொண்டே இருப்பதைவிட ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. எலும்பு, வீசும் பலகை, 56 விடைகள் கொண்ட அட்டை, மூன்றையும் வீட்டிலேயே செய்தேன். ஐந்து வாரம் ஆயிற்று.

முதலில் எலும்பு. இரண்டாவது வாரம் கறிக்கடையில் பின்னங்கால் கேட்டேன். கடைக்காரர் பழக்கதோஷத்தில் கத்தியை ஓங்கிவிட்டார். “அண்ணே, வெட்டாதீங்க, முழுசா வேணும்” என்றேன். “முழுசாப் போட்டா சாறு எறங்காது தம்பி” என்றார். சூப்புக்கு இல்லை, உள்ளே இருக்கும் எலும்புக்காக என்று விளக்குவதற்குள் ஒரு கால் போயிற்று. கத்தி சரியாக அந்த எலும்பின் நடுவில் இறங்கியிருந்தது. மிச்சத்தை முழுசாக வாங்கி வந்தேன். அதன்பின் அவரே எடுத்து வைக்கத் தொடங்கினார். காலைத் துண்டிக்கும் இடம் கணு மூட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். எலும்பு பாதத்தோடு வந்துவிடும்.

சுத்தம் செய்வதில்தான் இரண்டு தப்பு நடந்தது. அவசரத்தில் குக்கரில் போட்டு ஆறு விசில் விட்டேன். சதை உதிர்ந்தது, ஆனால் எலும்பின் ஓரங்கள் நகத்தால் சுரண்டினால் மாவாகும் அளவுக்குத் தளர்ந்துவிட்டன. அடுத்த எலும்பை வெளுக்க பிளீச்சிங் பவுடரில் ஓர் இரவு ஊறப்போட்டேன். காலையில் பளிச்சென்று இருந்தது. ஒரு வாரம் கழித்து மேல்தோல் சுண்ணாம்பு போலச் செதில் செதிலாக உரிந்தது. பிளீச்சிங் பவுடர் எலும்புக்கு ஆகவே ஆகாது.

சரியாக வந்த முறை மெதுவானது. கொதிக்கவிடாமல் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். அப்புறம் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் மழுங்கிய கத்தியும் வைத்து நரம்பு, சவ்வு எல்லாம் எடுக்க வேண்டும். மூட்டின் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் சவ்வு லேசில் வராது. ஊறப்போட்டு மறுநாள் எடுத்தால் வரும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்தாறு நாள், தினமும் தண்ணீரை மாற்றி. எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு இப்படித்தான் வெளியேறும். தண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் வருவது நிற்கும்வரை விடக்கூடாது. கொழுப்பு மிச்சமிருந்தால் பின்னால் மஞ்சளாகி வாடை அடிக்கும். கடைசியாக மருந்துக்கடையில் புண் கழுவக் கொடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள். மூடி போட்டு இறுக்காதீர்கள், வாயு சேரும். நிழலில் நான்கு நாள் காய்ந்ததும் கையில் எடுத்தேன்: தந்தம் போன்ற நிறம், மூன்று செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், எதிர்பார்த்ததைவிட கனம்.

கையில் எடுத்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. இதில் எண் எழுதத் தேவையே இல்லை. நீளவாக்கில் இரு முனையும் உருண்டை. அதன்மேல் எலும்பு நிற்காது. எனவே விழக்கூடிய பக்கங்கள் நான்கு. இரண்டு அகலம், இரண்டு ஒடுக்கம். அகலப் பக்கங்களில் ஒன்று புடைத்திருக்கும், மற்றது குழிந்திருக்கும். ஒடுங்கிய பக்கங்களில் ஒன்று ஏறக்குறைய மட்டம், மற்றதில் காது மடல் போல ஒரு நெளிவு. ஒடுங்கிய பக்கங்களுக்கு 1, 6. அகலப் பக்கங்களுக்கு 3, 4. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7. இரண்டும் ஐந்தும் இதில் கிடையாது. நான் மட்டமான ஒடுக்கத்துக்கு 1, நெளிவுக்கு 6, புடைப்புக்கு 4, குழிவுக்கு 3 என்று வைத்துக்கொண்டேன். மேலே தெரியும் பக்கம்தான் கணக்கு. ஒரு வாரம் புழங்கியதில் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினாலே எண் தெரிகிறது.

பழைய எலும்புகள் எல்லாம் இப்படி வெறுமனே இருந்துவிடவில்லை. கிரேக்கத்தில் டெல்ஃபிக்கு மேலே பர்னாசஸ் மலையில் கொரிகியக் குகை இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அங்கே 22,000க்கும் மேற்பட்ட கணுக்கால் எலும்புகளை எடுத்தார்கள். சிலவற்றின் பக்கங்கள் தேய்த்து மட்டமாக்கப்பட்டிருந்தன, சிலவற்றில் துளை, சிலவற்றுக்குள் ஈயம். வெண்கலத்திலும் கண்ணாடியிலும் இதே உருவத்தை வார்த்துச் செய்தவர்களும் உண்டு. ஈயம் உருக்குவதை வீட்டில் செய்ய நான் துணியவில்லை, நச்சுப் புகை. தேய்த்துப் பார்க்கலாம் என்று ஆறாவதாக ஓர் எலும்பை எடுத்து அதன் ஒடுங்கிய பக்கங்கள் இரண்டையும் உப்புத்தாளில் தேய்த்தேன். எலும்புத் தூள் மூக்கில் ஏறக் கூடாது. முகக்கவசம் போட்டு, தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். மிளகளவு தேய்மானம்தான். ஆனால் அந்த எலும்பில் 1, 6 விழுவது கண்கூடாகக் கூடிவிட்டது. ஆகவே அதைத் தனியே வைத்துவிட்டு, தேய்க்காத ஐந்தையே குறிக்கு எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது பலகை. டைல்ஸ் தரையில் வீசினால் துள்ளி அலமாரிக்கு அடியில் ஓடுகிறது. மெத்தைத் துணியில் வீசினால் ஒன்றோடொன்று சாய்ந்து நின்று எந்தப் பக்கம் என்ற சண்டை வருகிறது. ஒட்டுப்பலகைமேல் பழைய கதர்த் துண்டை இழுத்து ஒட்டி, சுற்றிலும் இரண்டு அங்குல விளிம்பு கட்டியது சரியாக அமைந்தது. சாய்ந்து நின்றால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி வீசுவது என்று விதி வைத்துக்கொண்டேன்.

இப்போது அட்டை. ஐந்து எலும்பு, நான்கு எண், வரிசை முக்கியமில்லை. எத்தனை விதமாக விழலாம்? 56. கல்வெட்டில் ஒவ்வொன்றுக்கும் முதலில் ஐந்து எண்கள், அப்புறம் கூட்டுத்தொகை, அப்புறம் ஒரு தெய்வத்தின் பெயர், அதன்கீழ் செய்யுள் வரிகள். எண்களைக் கிரேக்க எழுத்தால் குறித்தார்கள்: ஒன்றுக்கு ஆல்ஃபா, மூன்றுக்கு காமா, நான்குக்கு டெல்டா, ஆறுக்கு ஸ்டிக்மா என்ற குறி. விடைகள் அன்றாடக் கவலைகளைப் பற்றியவை. நோயாளி பிழைப்பாரா, வெளியூர் போனவர் திரும்புவாரா, இந்தக் காரியத்தில் இப்போது இறங்கலாமா, பொறுக்க வேண்டுமா.

கூட்டுத்தொகை மட்டும் எழுதினால் போதாதா என்று முதலில் நினைத்தேன். எழுதிப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது. 1, 1, 1, 3, 4 விழுந்தால் கூட்டுத்தொகை 10. நான்கு ஒன்றும் ஓர் ஆறும் விழுந்தாலும் 10. தெய்வம் வேறு, விடை வேறு. கூட்டுத்தொகை 5இலிருந்து 30 வரை போகும்; நடுவே 6உம் 29உம் வரவே வராது. ஆக 24 தொகைகள்தான். அவற்றுக்குள் விழும் 56 விதங்களை அடைக்க வேண்டுமானால் ஒவ்வோர் எலும்பையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் பட்டியலில் முதல்முறை 55தான் வந்தது. அரை நாள் தேடினேன். அப்புறம் ஒன்றுகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்தேன். ஐந்தும் ஒன்றாக விழுவது 1 விதம். நான்கு ஒன்று, 3 விதம். மூன்று ஒன்று, 6. இரண்டு ஒன்று, 10. ஒரே ஓர் ஒன்று, 15. ஒன்றே இல்லாமல், 21. மொத்தம் 56. எத்தனை அழகான வரிசை! இதை வைத்துச் சரிபார்த்தபோது 15 இருக்க வேண்டிய இடத்தில் 14 இருந்தது. 1, 3, 4, 4, 6 விட்டுப்போயிருந்தது. நான் அழித்து எழுதிவிட்டேன். கல்லில் உளி வைத்தவருக்கு அந்த வசதி இல்லை. ஊரார் முன்னால் கல்லை நிறுத்துவதற்கு முன் அவரும் ஏதோ ஒரு முறையில் எண்ணித்தான் பார்த்திருக்க வேண்டும்.

அவர்களுடைய விடைகளைப் பெயர்த்து எழுதாமல், நானே ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுவது என்று முடிவு செய்தேன். இரவில் நாலைந்தாக, இரண்டு வாரத்தில் 56ம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு உழைத்தேன். ஐந்தும் ஒன்றாக விழும் முதல் விடைக்குத்தான் கூடுதல் நேரம், அது அட்டையின் உச்சியில் இருப்பதால்.

பிறகு வீசத் தொடங்கினேன். குறி எதுவும் கேட்காமல், வெறுமனே 200 வீச்சு, நோட்டில் கோடு போட்டு. முதல் நாற்பது வீச்சுக்குள்ளேயே தெரிந்துவிட்டது: அகலப் பக்கங்களே விழுகின்றன. மொத்தத்தில் 3, 4 இரண்டும் சேர்ந்து பத்தில் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. புள்ளியியல் அறிஞர் எஃப். என். டேவிட் நிகழ்தகவின் வரலாற்றைப் பற்றி 1962இல் எழுதியபோது இந்த எலும்புகளை வீசிப் பார்த்துச் சொன்ன அளவும் கிட்டத்தட்ட இதுவே: 3க்கும் 4க்கும் பத்தில் நாலு பங்கு வீதம், 1க்கும் 6க்கும் பத்தில் ஒரு பங்கு வீதம்.

இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து எலும்பிலும் 3, 4 மட்டுமே விழும் விதங்கள் ஆறுதான். அந்த ஆறு விடைகள் மட்டும் மூன்று வீச்சுக்கு ஒன்று வந்துவிடுகின்றன. மூன்று 3, இரண்டு 4 என்று விழும் ஒரு விதம் தனியாகவே பத்துக்கு ஒன்று. ஐந்திலும் 1 விழுவது? ஒரு லட்சத்தில் ஒன்று.

சூதாட்டத்திலும் இதே கதை. ரோமர்கள் நான்கு எலும்பு வைத்து ஆடினார்கள். நான்கும் வேறுவேறாக 1, 3, 4, 6 என்று விழுந்தால் அது வீனஸ், காதல் தெய்வத்தின் பெயர், மிக உயர்ந்த வீச்சு. ஒன்று விழுவதற்கு நாய் என்று பெயர். நாயோ ஆறோ விழுந்தவர் எலும்புக்கு ஒரு தெனாரியஸ் வெள்ளிக்காசு நடுவில் வைக்க வேண்டும், வீனஸ் போட்டவர் மொத்தத்தையும் அள்ளிக்கொள்வார் என்று ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தன் கடிதம் ஒன்றில் எழுதியிருப்பதை அவர் வரலாற்றை எழுதிய ஸ்வெடோனியஸ் எடுத்துக் காட்டுகிறார். டேவிடின் அளவுப்படி வீனஸ் ஏறக்குறைய 26 வீச்சுக்கு ஒன்று. நான்கும் நாயாக விழுவது பத்தாயிரத்தில் ஒன்று. ஆக, அரிதானதுதான் உயர்ந்தது என்று அவர்கள் வைக்கவில்லை. ஓர் இரவு ஆட்டத்தில் சில முறையாவது வர வேண்டும், ஆனால் அடிக்கடி வரக் கூடாது. 26க்கு ஒன்று அதற்குச் சரியான இடம் என்று எனக்குப் படுகிறது.

கி.மு. 44இல் ரோமப் பேச்சாளர் சிசெரோ குறி பார்ப்பதைப் பற்றி எழுதிய உரையாடலிலும் இதே வீனஸ் வருகிறது. தம்பி குவிண்டஸ் கேட்கிறார்: நான்கு எலும்பு தற்செயலாக வீனஸாக விழலாம், நானூறு எலும்பை வீசி நூறு வீனஸ் விழுந்தால் அதையும் தற்செயல் என்பீர்களா? அண்ணன் சிசெரோ பிற்பாடு சொல்லும் பதில்: அடிக்கடி வீசுகிறவனுக்கு எப்போதாவது வீனஸ் விழத்தான் செய்யும், சில சமயம் இரண்டு மூன்று முறை தொடர்ந்தும் விழும், அதற்காக வீனஸே வந்து தள்ளிவிட்டாள் என்று சொல்வதா? 200 வீச்சு கோடு போட்ட பிறகு அந்த அண்ணன் பக்கம்தான் நான். ஆனால் தம்பியின் கேள்வியில் இருக்கும் ஆர்வமும் எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் நிகழ்தகவைத்தான் கேட்கிறார், அந்தச் சொல் இல்லாத காலத்தில்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆறு பக்கப் பகடையையும் எடுத்தேன். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் என்ற நாணல்தாள் ஒன்றில் கிரேக்கக் காவியப் புலவர் ஹோமரின் 216 பாட்டு அடிகள் வரிசையாக இருக்கின்றன. பகடையை மூன்று முறை வீச வேண்டும், வரிசையும் முக்கியம். 6 பெருக்கல் 6 பெருக்கல் 6, 216. ஒழுங்கான பகடையாக இருந்தால் எல்லா அடிக்கும் சம வாய்ப்பு. எந்த அடிக்கும் 216இல் ஒரு வாய்ப்புதான். எலும்பின் குணம் வேறு. அது சில விடைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லும், சிலவற்றை வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லாது.

இது என் அட்டையில் ஒரு தப்பைக் காட்டிக் கொடுத்தது. மூன்று 3, இரண்டு 4, கூட்டுத்தொகை 17, அதற்கு நான் எழுதியிருந்தது: “வடக்கே போகும் கப்பலில் ஏறாதே, காற்று மாறும்வரை கரையில் இரு.” எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாலை வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள், அந்தக் கப்பல் மூன்று முறை வந்தது. வேலை மாறலாமா என்று கேட்டவனுக்கும் கப்பல், கண் ஆபரேஷன் பற்றிக் கேட்ட பெரியம்மாவுக்கும் கப்பல். பெரியம்மா முகம் வாடிவிட்டது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

அன்று இரவே 3, 4 மட்டுமே வரும் அந்த ஆறு விடைகளையும் அழித்துத் திரும்ப எழுதினேன். அடிக்கடி வரப்போகிற விடை எல்லோருடைய கேள்விக்கும் இடம் கொடுக்கிற மாதிரி அகலமாக இருக்க வேண்டும். அரிதாக வருவது கப்பலையும் காற்றையும் பெயர் சொல்லிப் பேசலாம். 17க்கு இப்போது இருப்பது இது:

விதை மண்ணுக்குள் இருக்கிறது, தோண்டிப் பார்க்காதே.
நீர் ஊற்றியது நீ. முளைப்பது அதன் வேளை.

இந்த இரண்டு வரிக்கு நான்கு நாள் ஆயிற்று. 56இல் இதற்கு மேல் திருத்தியது எதுவும் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். கோடு போட வீசும்போது கை தன் பாட்டுக்கு வீசிக்கொண்டே போகிறது. கேள்வியோடு வீசும்போது எலும்புகள் உள்ளங்கையில் சற்று நேரம் தங்குகின்றன. கிரேக்கத்தின் அக்காயாவில் பூரா என்ற ஊருக்குப் பக்கத்தில் வீரத் தெய்வம் ஹெராக்ளிஸின் குகை ஒன்று இருந்ததாக 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசனியாஸ் எழுதுகிறார். அங்கே நான்கு எலும்பு. குறி கேட்பவர் முதலில் சிலைமுன் வேண்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஹெராக்ளிஸின் பக்கத்தில் ஏராளமாகக் கிடக்கும் எலும்புகளில் நான்கை எடுத்து மேசைமேல் வீச வேண்டும். விழுந்ததன் பொருள் பலகையில் எழுதியிருக்கும். நான்கு எலும்புக்கு 35 விதம். முதலில் வேண்டுதல், அப்புறம்தான் எலும்பு, இந்த வரிசையை நான் படித்துக் கடந்து போயிருந்தேன். பலகை முன்னால் நான் சும்மா வந்து உட்கார்ந்தபோது அம்மாதான் சொன்னாள்: “குறி கேக்கறதுன்னா கைகால் கழுவிட்டு வந்து உக்காரு.”

அம்மா கழுவிவிட்டு வந்துதான் உட்கார்ந்தாள். கேள்வியை வெளியே சொல்லவில்லை. ஐந்தையும் இரண்டு கைக்குள் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கழித்து விட்டாள். 3, 4, 4, 4, 6. நான்கு எலும்பு உடனே அமர்ந்தது. ஐந்தாவது விளிம்பில் முட்டி, உருண்டு, நெளிவுப் பக்கம் மேலாக நின்றது. கூட்டுத்தொகை 21. அட்டையில் விரலை வைத்துத் தேடிப் படித்தேன்: “வாசலில் நிற்பவரை உள்ளே கூப்பிடு. மிச்சம் பேசிக்கொள்ளலாம்.” அம்மா ஒன்றும் சொல்லாமல் எலும்புகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். அப்புறம் எழுந்து போய், எட்டு மாதமாகப் பேசாமல் இருந்த சித்திக்கு போன் போட்டாள்.